இந்தியன் க்ரீக் போகிறோம்: எத்தனை கேம் வேண்டும், எங்கே கூடாரம் போடுவது?

புதுக்கயிறு:

வணக்கம். டாலஸில் இருந்து நாங்கள் நாலு பேர் நவம்பரில் யூட்டா மாநிலத்து இந்தியன் க்ரீக்குக்குப் பாறை விரிசல்களில் ஏறக் கிளம்புகிறோம். ஜிம் சுவரில் 5.11 என்ற கடினத் தரம் வரை ஏறுவோம். வெளியே ஓக்லஹோமாவின் விச்சிட்டா மலைகளில் கிரானைட் பாறையில் ட்ராட், அதாவது பாதுகாப்புக் கருவிகளை நாமே விரிசலில் வைத்து ஏறும் பழக்கம் கொஞ்சம் உண்டு. பாலைவன மணற்கல்லில் எங்களில் யாரும் கை வைத்ததில்லை.

எங்களிடம் இருப்பது சாதாரண இரட்டை ரேக், அதாவது ஒவ்வொரு அளவிலும் இரண்டு கேம் (விரிசலுக்குள் வைத்தால் விரிந்து பிடித்துக்கொள்ளும் கருவி). அது அங்கே எதற்கும் பத்தாது என்கிறார்கள். எவ்வளவுதான் வேண்டும்?

இரண்டாவது கேள்வி தங்குவது பற்றி. "எல்லாம் பொது நிலம்தான், வண்டியை ஓரம் கட்டி எங்கே வேண்டுமானாலும் கூடாரம் போடலாம்" என்று கூட வருபவர் அடித்துச் சொல்கிறார். அது உண்மையா?

பாறைப்பல்லி:

கேம் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். கூடாரக் கேள்விக்கு மோவாப்வழி அக்கா வந்து உங்களை ஒரு பிடி பிடிப்பார், தயாராக இருங்கள்.

அங்கே ஏன் இவ்வளவு கேம் தேவைப்படுகிறது என்பது பாறையைப் பார்த்தால்தான் புரியும். க்ரீக்கின் சுவர்கள் விங்கேட் மணற்கல். சுமார் 20 கோடி ஆண்டுகளுக்கு முன் காற்று குவித்த மணல்மேடுகள் இறுகி உண்டானவை. அதற்குக் கீழே இருக்கும் சின்லே அடுக்கு மென்மையானது, சீக்கிரம் கரையும். அடி கரையக் கரைய, மேலே உள்ள விங்கேட் செங்குத்துப் பிளவுகளின் வழியே பெரிய பாளங்களாக உடைந்து விழுகிறது. மிஞ்சுவது நிமிர்ந்து நிற்கும் சிவப்புச் சுவரும் அடியிலிருந்து உச்சிவரை ஒரே அகலத்தில் ஓடும் விரிசல்களும்தான். விச்சிட்டாவில் விரிசல் சுருங்கும், விரியும், நடுவில் ஒரு விளிம்பு கிடைக்கும், நட் என்ற உலோக ஆப்பு ஒன்றைச் செருகி மூச்சு விடலாம். இங்கே அதெல்லாம் இல்லை. கேம்களுக்கு அளவுக்கு ஒரு நிறம் உண்டு. 30 மீட்டருக்கும் மஞ்சள் கேம் அளவு என்றால் 30 மீட்டருக்கும் மஞ்சள்தான்.

அதனால் இரட்டை ரேக் கணக்கை மறந்துவிடுங்கள். ஏறப்போகும் வழி எந்த அளவோ, அந்த அளவில் ஆறு முதல் எட்டு வரை வேண்டும். நாலு பேரும் தங்கள் கேம்களை ஒன்றாகக் கொட்டினாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். க்ரீக்கில் பக்கத்து வழியில் ஏறுபவரிடம் இரவல் கேட்பதும் சகஜம். ஆனால் ஒவ்வொரு கேமிலும் உங்கள் அடையாள டேப் இருக்கட்டும். மாலையில் எல்லாவற்றையும் பிரிக்கும்போது நடக்கும் பஞ்சாயத்து தனிக்கதை.

கேமலாட் சி4 என்ற கேம் வகையை வைத்துச் சொல்கிறேன். 1 ஆம் எண் சிவப்பு சுமார் 30 முதல் 52 மி.மீ. வரை விரியும். 2 ஆம் எண் மஞ்சள் 37 முதல் 65 வரை, 3 ஆம் எண் நீலம் 51 முதல் 88 வரை. பெரும்பாலான ஆண்களின் கைக்கு மஞ்சள்தான் சுகமான ஹேண்ட் ஜாம், அதாவது கையை விரிசலுக்குள் இறுக்கிப் பிடிக்கும் அளவு. கை சிறியவர்களுக்குச் சிவப்பே சுகமாக இருக்கும். எனவே கையேட்டில் 5.10 என்று இருப்பதை வேதவாக்காக எடுக்க வேண்டாம். ஒரே விரிசல் ஒருவருக்கு 5.9 ஆகவும் இன்னொருவருக்கு 5.11 ஆகவும் இருக்கும், இரண்டு பேர் சொல்வதும் பொய்யில்லை. ஜிம்மில் 5.11 ஏறுபவர் இங்கே 5.10 விரிசலின் பாதியில் தொங்குவது தினசரிக் காட்சி. முதல் இரண்டு நாள் மேலே கயிறு கட்டி டாப்ரோப்பில் ஏறிப் பழகுங்கள்.

நாலாம்நம்பர்:

பல்லி அண்ணன் பெரிய அளவுகளை வேண்டுமென்றே விட்டுவிட்டார். 4, 5, 6 எல்லாம் எங்கள் பேட்டை. முழங்கை, முட்டி, தோள் எல்லாம் விரிசலுக்குள் போகும் ஆஃப்விட்த் வழிகளுக்கு அங்கே க்யூவே கிடையாது. யோசித்துப் பாருங்கள்.

பாறைப்பல்லி:

க்யூ இல்லாததற்குக் காரணம் இருக்கிறது நாலாம்நம்பர் ;)

மோவாப்வழி:

புதுக்கயிறு, உங்கள் நண்பர் சொல்வதில் பாதிதான் சரி. பொது நிலம் என்பது உண்மை. அமெரிக்காவின் மொத்த நிலப்பரப்பில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கை நிர்வகிக்கும் பி.எல்.எம். என்னும் நில மேலாண்மைத் துறையின் நிலம் அது. அந்தத் துறையின் நிலத்தில் பல இடங்களில் கட்டணம் இல்லாமல் 14 நாள் வரை தங்கலாம் என்பதும் உண்மைதான். ஆனால் "பல இடங்களில்" என்றால் "எல்லா இடத்திலும்" என்று ஆகாது. இந்தியன் க்ரீக்கில் 211 ஆம் சாலையை ஒட்டிய பள்ளத்தாக்கில் குறித்து வைத்த தளங்களில் மட்டும்தான் தங்க முடியும். வண்டியை ஓரம் கட்டிவிட்டுக் கண்ணில் பட்ட சமவெளியில் கூடாரம் அடிப்பது விதிமீறல்.

நீங்கள் முதலில் பார்க்க வேண்டியவை சூப்பர்போல், க்ரீக் பாஸ்சர், ஹாம்பர்கர் ராக் ஆகிய மூன்று தளங்கள். ஒரு இரவுக்குச் சின்னக் கட்டணம் உண்டு. உறையில் பணம் போட்டுப் பெட்டிக்குள் தள்ளும் முறை என்பதால் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். தனித் தளங்கள் முந்தி வந்தவருக்கே. கூட்டமாக வருபவர்களுக்குத் தனியாகக் குழுத் தளங்கள் இருக்கின்றன. கழிப்பறை உண்டு, குடிநீர் கிடையாது. பக்கத்து ஊர்களான மோவாபிலோ மான்டிசெல்லோவிலோ நிரப்பிக்கொண்டு வாருங்கள். ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் என்று கணக்குப் போட்டு அதற்கு மேல் ஒரு கேன் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

பிரிட்ஜர் ஜாக் பக்கம் இன்னும் ஒதுக்குப்புறமான இடங்கள் உண்டு. அங்கே போக ஓடையைக் கடக்க வேண்டும். மழை பெய்தால் அந்தப் பக்கமே மாட்டிக்கொள்வீர்கள். வாடகைக் காரில் வருகிறீர்கள் என்றால் அந்த யோசனையே வேண்டாம்.

நவம்பர் கடைசி வாரம், அதாவது தேங்க்ஸ்கிவிங் நேரம் என்றால், வெள்ளிக்கிழமை இரவு வந்து சேர்ந்து இடம் தேடும் திட்டம் வேலைக்கு ஆகாது. செவ்வாயோ புதனோ வந்துவிடுங்கள். இரவில் தண்ணீர் உறையும் குளிர் இருக்கும். மாலை ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடும், தலைவிளக்கு இல்லாமல் பாறைப் பக்கம் போகாதீர்கள்.

ஊர்சுற்றி:

பத்து வருடத்துக்கு முன்னால் வந்திருந்தால் இந்த உறை, பெட்டி, கம்பம், பலகை எதுவுமே இருந்திருக்காது. சத்தமே இல்லாமல் வந்து, ஏறி, தூங்கிப் போனோம். இப்போது ஒவ்வொரு புதருக்கும் ஒரு அறிவிப்புப் பலகை. பொது நிலம் என்றால் பொதுமக்களின் நிலம். நானும் வரி கட்டுகிறேன், ஓட்டுத்தான் இல்லை. ஒரு கூடாரம் ஒரே ஒரு ராத்திரி நிற்பதால் பாலைவனத்துக்கு என்ன ஆகிவிடும்? அங்கே மணலைத் தவிர என்ன இருக்கிறது?

சிவப்புமண்:

ஊர்சுற்றி அண்ணா, கடைசிக் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். நான் படிப்பது மண்தான்.

அங்கே இருப்பது வெறும் மணல் இல்லை. புதர்களுக்கு நடுவே கறுப்பாக, மேடும் பள்ளமுமாக, பாலில் ஆடை படிந்தது மாதிரி ஒரு பொருக்கு தெரியும். அது உயிர் உள்ளது. சயனோபாக்டீரியாக்கள், அதிலும் முக்கியமாக மைக்ரோகோலியஸ் என்ற வகை, பிசுபிசுப்பான இழைகளை விட்டு மணல் துகள்களைப் பின்னிக் கட்டுகின்றன. பிறகு லைக்கன், பாசி எல்லாம் சேரும். மழைநீரைப் பிடித்து வைப்பதும் காற்றில் இருக்கும் நைட்ரஜனைச் செடிக்கு ஏற்ற வடிவத்தில் மண்ணில் சேர்ப்பதும் இந்தப் பொருக்குத்தான். எல்லாவற்றையும் விட முக்கியம், மண்ணைக் காற்று அள்ளிப் போகாமல் பிடித்து வைக்கிறது.

ஈரமாக இருக்கும்போது மட்டும்தான் அது வளரும். அங்கே வருடத்தில் ஈரமான நாட்கள் எத்தனை? உலர்ந்த நிலையில் ஒரு கால் பட்டால் நொறுங்கிவிடும். சயனோபாக்டீரியாப் படலம் திரும்பி வரச் சில வருடங்கள் ஆகும், லைக்கனும் பாசியும் வரப் பல பத்தாண்டுகள். நீங்கள் ஒரு ராத்திரி கூடாரம் போட்டுவிட்டுப் போனால், அடுத்து வருபவர் அந்த வெற்றிடத்தைப் பார்த்து "இங்கே ஏற்கெனவே போட்டிருக்கிறார்கள்" என்று தானும் போடுவார். அப்படித்தான் ஒரு தளம் உருவாகிறது. நீங்கள் பத்து வருடத்துக்கு முன் பார்த்த க்ரீக்கில் ஆள் குறைவு, அதுதான் வித்தியாசம்.

இது அந்தப் பள்ளத்தாக்கோடு முடிவதும் இல்லை. கொலராடோ பீடபூமியில் பொருக்கு உடைந்த இடங்களிலிருந்து கிளம்பும் செந்தூசி கொலராடோவின் சான் வான் மலைப் பனிமேல் போய்ப் படிகிறது. வெள்ளைப் பனி அழுக்கானால் வெயிலை அதிகம் உறிஞ்சும், வாரக்கணக்கில் முன்னதாகவே உருகிவிடும். அந்தப் பனிநீரை நம்பித்தான் கீழே ஆறும் விவசாயமும் இருக்கின்றன. தூசிக்குப் பெரிய காரணம் மாட்டு மேய்ச்சலும் வண்டிகளும்தான், மலையேறிகள் இல்லை. அதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். ஆனால் நம் பங்கு நம் காலடியில் இருக்கிறது.

நடக்க வேண்டிய இடங்கள் ஏற்கெனவே இருக்கும் ஒற்றையடிப் பாதை, வெறும் பாறை, மழைநீர் ஓடிய மணல் தடம். கறுப்பாகத் தெரிந்தால் கால் வைக்காதீர்கள், அவ்வளவுதான்.

ஊர்சுற்றி:

தூசி விஷயம் எனக்குப் புதிது. சரி. ஆனால் மாடு மேய்ந்து உடைப்பதற்கு அனுமதி, நான் தூங்குவதற்கு உறையில் பணமா என்ற கேள்வி அப்படியேதான் நிற்கிறது.

மோவாப்வழி:

நியாயமான கேள்வி, அதை இங்கே கேட்பதை விட மேய்ச்சல் அனுமதிகளைப் புதுப்பிக்கும்போது பொதுக்கருத்து கேட்பார்களே, அங்கே எழுதுங்கள். ஆனால் ஒன்று. க்ரீக்கில் பண்ணைக்காரரும் மலையேறிகளும் ஒரே வாசலைத்தான் பயன்படுத்துகிறார்கள். நடுவில் இருக்கும் டக்அவுட் பண்ணையை 1997 இல் நேச்சர் கன்சர்வன்சி என்ற இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு வாங்கியது. அது விற்பனைக்கு வந்தபோது வேறு யாராவது வாங்கி மனைகளாகப் பிரித்திருந்தால் இன்று நாம் சண்டை போடக்கூட இடம் இருந்திருக்காது. இப்போது மாடும் மேய்கிறது, அங்கேயே ஓர் ஆராய்ச்சி மையமும் இருக்கிறது. வழியில் கேட் இருந்தால் திறந்திருந்தால் திறந்தபடியே, மூடியிருந்தால் மூடிவிட்டுப் போங்கள். சாலையில் மாடு படுத்திருக்கும், இரவில் மெதுவாக ஓட்டுங்கள்.

இப்போது யாரும் கேட்காத, ஆனால் எல்லாரும் கேட்க வேண்டிய விஷயத்துக்கு வருகிறேன். மலம்.

தளத்தில் கழிப்பறை இருக்கிறது, பாறையடியில் இல்லை. காலையில் காபி குடித்துவிட்டு 40 நிமிடம் மேட்டில் ஏறிப்போனால் என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. காட்டில் குழி தோண்டி மூடும் பழக்கம் இங்கே செல்லாது. ஈரமும் நுண்ணுயிரும் குறைந்த மண்ணில் அது மக்காமல் வருடக்கணக்கில் கிடக்கும், காகிதம் அதைவிட அதிக நாள். அதனால் வேக் பேக் என்ற பையை ஆளுக்கு நாளொன்றுக்கு ஒன்று என்று எடுத்துவாருங்கள். உள்ளே இருக்கும் தூள் ஈரத்தைக் கெட்டியாக்கி நாற்றத்தை அடக்கும். இரட்டைப் பையாகக் கட்டி, ஊருக்குத் திரும்பி, சாதாரணக் குப்பைத் தொட்டியில் போட வேண்டும். தளத்துக் கழிப்பறைக் குழிக்குள் மட்டும் எறிந்துவிடாதீர்கள். அதை உறிஞ்சி எடுக்கும் வண்டியின் குழாய் அடைத்துக்கொள்ளும். முதல் தடவை கூச்சமாக இருக்கும், இரண்டாம் நாளில் பல் தேய்ப்பது மாதிரி சாதாரணமாகிவிடும்.

விறகும் அங்கே பொறுக்கக் கூடாது. அந்தக் காய்ந்த ஜூனிபர் மரக் கட்டை உங்கள் வயதை விட மூத்ததாக இருக்கும். ஊரில் வாங்கி வந்து, ஏற்கெனவே இருக்கும் இரும்பு வளையத்துக்குள் மட்டும் எரியுங்கள்.

புதுக்கயிறு:

அக்கா, மிக்க நன்றி. நண்பரிடம் படித்துக் காட்டினேன், கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. வேக் பேக் நாலு பேருக்கும் சேர்த்து வாங்கிவிட்டேன்.

இன்னொரு சந்தேகம். மழை பெய்தால் எத்தனை மணி நேரம் காத்திருக்க வேண்டும்? எங்களுக்கு இருப்பது ஆறு நாள்தான். ஓரிடத்தில் 24 மணி நேரம் என்றும் இன்னோர் இடத்தில் 72 என்றும் போட்டிருக்கிறது.

பாறைப்பல்லி:

மணிக்கணக்கை நம்பாதீர்கள். மணற்கல்லில் மணல் துகள்களை ஒட்டி வைத்திருக்கும் பிணைப்பு ஈரத்தில் தளர்ந்துவிடுகிறது. ஈரமான பாறையின் வலிமை உலர்ந்ததை விடக் கணிசமாகக் குறைவு. மேற்பரப்பு வெயிலில் ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும், உள்ளே ஈரம் இருக்கும். சிக்கல் அங்கேதான்.

கேம் எப்படி வேலை செய்கிறது என்று யோசித்தால் ஆபத்து தெரியும். நீங்கள் விழும்போது கீழ்நோக்கிய இழுவையைக் கேம் பக்கவாட்டு அழுத்தமாக மாற்றுகிறது. சுவரின் ஒவ்வொரு பக்கத்தையும் இழுவையைப் போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு விசையோடு தள்ளும். உலர்ந்த விங்கேட்டே அந்த அழுத்தத்தில் சில நேரம் அரைபட்டுப் பள்ளம் விழும். ஈரமாக இருந்தால் கேம் பாறையை உழுதுகொண்டு வெளியே வந்துவிடும். நீங்கள் தரையில் விழுவது ஒரு பக்கம், விரிசலின் விளிம்பு என்றைக்கும் திரும்பாமல் உடைந்து போவது இன்னொரு பக்கம்.

சோதிக்கும் வழி எளிது. பாறையடியில், பாதையின் மணலில், விரலால் சில அங்குலம் தோண்டுங்கள். அடியில் ஈரம் தட்டுப்பட்டால் அன்றைக்கு ஏற்றம் இல்லை. நவம்பரில் வெயில் சாய்வாக அடிக்கும், நிழல் பக்கச் சுவர் காய மூன்று நாள்கூட ஆகும்.

பக்கத்துப் பாறைக்குப் போகலாமா என்று கேட்பீர்கள். மோவாபைச் சுற்றி எல்லாமே மணற்கல்தான். மழை நாளில் வண்டியை எடுத்துக்கொண்டு கொலராடோ எல்லை தாண்டி உனவீப் பள்ளத்தாக்குக்குப் போங்கள், அங்கே கிரானைட் இருக்கிறது.

சிவப்புமண்:

அல்லது பாறையை விட்டுவிடுங்கள். 211 ஆம் சாலை கேன்யன்லாண்ட்ஸ் தேசியப் பூங்காவின் நீடில்ஸ் பகுதியில் போய் முடிகிறது, நல்ல நடைப்பாதைகள் உண்டு. பிளான்டிங் ஊரில் எட்ஜ் ஆஃப் த சீடர்ஸ் அருங்காட்சியகம் இருக்கிறது. மூதாதைப் பியூப்ளோ மக்களின் பானைகளைப் பார்த்துவிட்டு மறுபடி க்ரீக்குக்கு வந்தால் அந்தப் பள்ளத்தாக்கே வேறு மாதிரி தெரியும்.

நீங்கள் போகும் வழியிலேயே நியூஸ்பேப்பர் ராக் வரும். ஒரே பாறை முகத்தில் ஏறத்தாழ 2000 ஆண்டுகளாக வெவ்வேறு மக்கள் செதுக்கிய நூற்றுக்கணக்கான உருவங்கள். கை வைக்காதீர்கள், விரலில் இருக்கும் எண்ணெய்ப் பசையே அதைக் கெடுக்கும். பெயர் பெற்ற பாறை அது ஒன்றுதான், ஆனால் ஏறும் சுவர்களின் அடியிலும் ஆங்காங்கே சிற்பங்களும் பழைய தானியக் குதிர்களும் இருக்கின்றன. அப்படிக் கண்ணில் பட்டால் அங்கே பையைப் போட்டு உட்காராமல், பிடிப்புக்காகக் கையில் பூசும் சாக் பொடியைத் தட்டாமல், வேறு வழிக்கு நகர்ந்துவிடுங்கள். 2021 இல் மோவாபுக்கு வடக்கே ஒரு சுவரில் பழைய செதுக்கல்களின் மேலேயே ஒருவர் பாறையைத் துளைத்து போல்ட் அடித்து ஏறும் வழி போட்டுவிட்டார். அது வெளியே தெரிந்து பெரிய பிரச்சினை ஆனது. போல்ட்டை எடுத்து ஓட்டையை அடைக்கலாம், செதுக்கலில் விழுந்த ஓட்டை விழுந்ததுதான்.

ஊர்சுற்றி:

இதில் நான் உங்கள் பக்கம். அவனை எல்லாம் அங்கே விடவே கூடாது.

டென்வர்வாசி:

இழையைத் தாமதமாகப் பார்த்தேன். ஒருவரும் பேர்ஸ் இயர்ஸ் பற்றிச் சொல்லவில்லையே?

இந்தியன் க்ரீக் பேர்ஸ் இயர்ஸ் தேசிய நினைவுச்சின்னம் என்ற பாதுகாக்கப்பட்ட பொது நிலப் பகுதிக்குள் இருக்கிறது. ஹோப்பி, நவஹோ, யூட் மவுன்டன் யூட், யூயின்டா யூரே யூட், ஜூனி என்ற ஐந்து பழங்குடி அரசுகள் சேர்ந்து கேட்டுத்தான் 2016 டிசம்பரில் ஒபாமா அதை அறிவித்தார். சுமார் 13.5 லட்சம் ஏக்கர். 2017 இல் டிரம்ப் அதில் 85 சதவீதத்தை வெட்டினார், 2021 இல் பைடன் திருப்பிச் சேர்த்தார். 2022 இல் அந்த ஐந்து அரசுகளும் மத்தியத் துறைகளும் சேர்ந்து நிர்வகிப்பதற்கு ஒப்பந்தம் போட்டன. ஒபாமாவின் அறிவிப்பில் பாறையேற்றமும் பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்டிருக்கிறது. மலையேறிகளின் அமைப்பான ஆக்சஸ் ஃபண்ட், பரப்பு வெட்டப்பட்டபோது நீதிமன்றம் வரை போனது.

ஊர்சுற்றி, "பொதுமக்களின் நிலம்" என்று எழுதியிருந்தீர்கள். இந்தப் பொதுமக்கள் வருவதற்கு முன்னால் அது யாருடைய நிலம் என்பதையும் சேர்த்துத்தான் பேச வேண்டும். அவர்களுக்கு அது இப்போதும் மூலிகை பறிக்கிற, சடங்கு செய்கிற இடம். நமக்கு விடுமுறைக்குப் போகும் இடம்.

ஊர்சுற்றி:

டென்வர்வாசி, நினைவுச்சின்னத்தின் எல்லைக் கோடு வாஷிங்டனில் இருந்து ஒவ்வொரு தேர்தலுக்கும் மாறுகிறது. அங்கேயே வாழும் உள்ளூர்க்காரர் எந்தக் கோட்டை நம்புவார்? க்ரீக் இருக்கும் யூட்டாவின் சான் வான் கவுண்டியில் இதை எதிர்த்தவர்களும் நிறையப் பேர். அவர்களை எல்லாம் வில்லனாக்க வேண்டாம்.

டென்வர்வாசி:

வில்லன் ஆக்கவில்லை. எதிர்த்தவர்களில் நவஹோக்களும் இருந்தார்கள், ஆதரித்தவர்களில் பண்ணைக்காரர்களும் இருந்தார்கள். ஆனால் கோடு எங்கே இருந்தாலும் அந்தப் பொருக்கின் மேல் கூடாரம் போட்டால் பொருக்கு உடையும். அதற்கு வாஷிங்டன் தேவையில்லை.

நாலாம்நம்பர்:

அரசியலுக்குத் தனி இழை தொடங்குங்கள் ஐயா. தம்பிக்கு இன்னும் கையில் டேப் சுற்றவே யாரும் சொல்லித் தரவில்லை.

தம்பி, அகலமான வெள்ளை விளையாட்டு டேப் வாங்குங்கள். புறங்கையை மூடி, விரல் இடுக்குகளில் மெல்லிய பட்டை ஓட்டி, மணிக்கட்டில் முடியுங்கள். உள்ளங்கை திறந்தே இருக்கட்டும். மணிக்கட்டுப் பக்கம் வெட்டிக் கழற்றினால் மறுநாள் அதையே கையுறையாகப் போட்டுக்கொள்ளலாம். ரப்பர் வைத்த கிராக் கையுறை இன்னும் சுலபம், ஆனால் சிவப்பு அளவு விரிசலில் அதன் தடிமன் இடைஞ்சல். அறுந்த டேப் துண்டுகளைப் பாறையடியில் விட்டுவிட்டுப் போகிறவர்களை நான் மறப்பதில்லை.

கட்டைவிரல் மேலே இருக்கும்படி கையைச் செங்குத்தாக நுழைத்து, அந்தக் கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்குங்கள். கட்டைவிரலின் அடிச்சதை புடைத்துச் சுவரைப் பிடிக்கும். இறுக்கிப் பிடித்து முன்கையைச் சாகடிக்காதீர்கள், கையை நீட்டித் தொங்குங்கள். பாரம் காலில்தான். முட்டியை வெளியே திருப்பி, பாதத்தைப் பக்கவாட்டில் நுழைத்து, பிறகு முட்டியை நேராக்குங்கள். பாதம் முறுக்கிக்கொண்டு நிற்கும். வலிக்கும். வளைந்த ஜிம் ஷூவில் இன்னும் வலிக்கும். விரலை நீட்டி வைக்கும்படியான தட்டையான, கணுக்காலை மூடும் ஷூ இருந்தால் நல்லது.

பாறைப்பல்லி:

கச்சிதம். அத்தோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

க்ரீக்கின் புகழ்பெற்ற விரிசல் வழியான சூப்பர்கிராக்குக்குப் போவீர்கள், போகாமல் இருக்க மாட்டீர்கள். 1976 இல் ஏர்ல் விக்கின்ஸ் அதை முதலில் ஏறியபோது கேமே சந்தைக்கு வரவில்லை. இணையான விரிசலில் ஹெக்ஸ் என்ற அறுகோண உலோகக் கட்டைகளைத் திருகி வைத்துப் போனார். ரே ஜார்டின் கண்டுபிடித்த ஃப்ரெண்ட்ஸ் கேம்கள் 1978 இல் விற்பனைக்கு வந்த பிறகுதான் க்ரீக்குக்குக் கூட்டம் வந்தது. அந்த முதல் ஏற்றத்தை நினைத்தபடி அங்கே உங்கள் கேம்களை வையுங்கள்.

கேமை விரிசல் விளிம்பில் வைக்காமல் கொஞ்சம் உள்ளே தள்ளி வையுங்கள், விளிம்புதான் முதலில் உடையும். அடியில் முதல் இரண்டை அடுத்தடுத்து வையுங்கள். பல வழிகள் 30 மீட்டரைத் தாண்டும், 70 மீட்டர் கயிறு கொண்டு வந்து முனையில் முடிச்சுப் போடுங்கள். முடிச்சில்லாத கயிறு வழியே இறக்கி விடப்பட்டுத் தரையில் விழுந்தவர்கள் உண்டு.

டாப்ரோப் போடும்போது உச்சியில் நிரந்தரமாக இருக்கும் வளையங்களில் கயிற்றை ஓட்டாமல் உங்கள் காரபினர்களை மாட்டி ஓட்டுங்கள். கடைசி ஆள் மட்டும் வளையத்தில் இறங்கட்டும். கயிறு விளிம்பில் உரசுகிறதா என்று பாருங்கள். பிரபலமான வழிகளின் உச்சியில் கயிறு அறுத்த ஆழமான பள்ளங்களைப் பார்ப்பீர்கள், மென்மையான பாறையில் நைலான் கயிறே அரம்தான். ஆங்கரை, அதாவது உச்சியில் கயிற்றைத் தாங்கும் அமைப்பை, கொஞ்சம் நீட்டித் தொங்கவிட்டால் உரசல் தீரும். ஒரே வழியில் காலை முதல் மாலை வரை கயிற்றைத் தொங்கவிட்டு இடத்தைப் பிடித்து வைப்பதும் வேண்டாம்.

புதுக்கயிறு:

எல்லாருக்கும் நன்றி. தேங்க்ஸ்கிவிங் வாரத்தை விட்டு, நவம்பர் முதல் வாரத்துக்குப் பயணத்தை மாற்றிவிட்டோம். க்ரீக் பாஸ்சரில் இடம் பார்ப்போம், இல்லையென்றால் சூப்பர்போல்.

கைப்பிளவு:

இழையைக் கடத்துவதாக நினைக்க வேண்டாம். நாங்கள் சால்ட் லேக்கில் இருந்து ஏப்ரலில் போகிறோம். வசந்த காலத்தில் சில சுவர்களை மூடுவார்கள் என்று கேள்விப்பட்டேன், எதற்கு?

மோவாப்வழி:

பெரெக்ரின் வல்லூறும் பொன்னிறக் கழுகும் அந்தச் சுவர்களில் கூடு கட்டும். மார்ச் தொடக்கத்தில் இருந்து ஆகஸ்ட் கடைசி வரை குறிப்பிட்ட சில சுவர்களைத் தவிர்க்கச் சொல்லி பி.எல்.எம். கேட்டுக்கொள்ளும். எந்தச் சுவர்கள் என்பது கூடு இருக்கும் இடத்தைப் பொறுத்தது, அதனால் பழைய கையேட்டைப் பார்க்காமல் அந்த வருடத்து அறிவிப்பைப் பாருங்கள். மான்டிசெல்லோ அலுவலகத்துக்குப் போன் செய்தாலும் சொல்வார்கள். பறவை உங்கள் தலைக்கு மேல் வட்டமிட்டுக் கத்தினால், பட்டியலில் இல்லாத சுவர் என்றாலும் இறங்கிவிடுங்கள். முட்டை மேல் உட்காராமல் அது உங்களைத் துரத்திக்கொண்டிருக்கும் ஒவ்வொரு நிமிடமும் முட்டை குளிர்ந்துகொண்டிருக்கும்.

கைப்பிளவு:

நன்றி அக்கா. நாயைக் கூட்டி வரலாமா?

மோவாப்வழி:

கட்டி வைத்தால் தளத்தில் பிரச்சினை இல்லை. நீடில்ஸ் பூங்காவின் நடைப்பாதைகளில் நாய்க்கு அனுமதி கிடையாது. பாறையடிக்கு வேண்டாம். நீங்கள் 30 மீட்டர் மேலே இருக்கும்போது அது பொருக்கைக் கிளறினாலோ பக்கத்து ஆளின் மதியச் சாப்பாட்டைத் தின்றாலோ யார் பார்ப்பது?